இடது கை சொன்ன எண்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கு. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஒரே வரியில் முடித்தால் எதையோ மறைக்கிறேன் என்று சந்தேகப்படுவாய், நலமில்லை என்று எழுதினால் பெட்டியைக் கட்டிவிடுவாய், ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாய், இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தன் விஷயத்தைச் சொல்லக் காகிதம்தான் தோதாக இருக்கிறது. உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் இடைவெளி, பஸ்ஸில் நம்மை அக்கா தங்கை என்று நினைத்தவர்கள் உண்டு, அந்த உரிமையில் தோழிக்கு எழுதுவதுபோல எழுதுகிறேன், நடுவில் அம்மா எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நீ காத்துக்கொண்டிருக்கும் செய்தி. பக்கவாதத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கிற ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் அப்பாவை இப்போதைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரஷர் அதிகமாக இருக்கிறதாம். அது கட்டுக்குள்தானே இருந்தது, தினமும் எனக்கு எண்ணை அனுப்பினாரே என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஆனால் வரிசையாக வருகிறேன், ஏனென்றால் முடிவை மட்டும் தெரிந்துகொண்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நீ குறித்து வைத்திருக்கிற அந்தத் தனியார் மருத்துவமனைக்கு இன்றைக்கே தேதி சொல்லிவிடுவாய், மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தையும் தள்ளிப்போட்டுவிடுவாய். இரண்டையும் செய்யாமல் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா தையல் கடைக்குப் போகிற நாள் மாதிரியே சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கச் சொல்லி மாட்டிக்கொண்டார். சட்டையில் இடது கையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகுதான் வலது கை, இந்த ஒரு வருஷத்தில் இது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆராய்ச்சி டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், உனக்கு அக்காவாக இருக்கலாம், மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை ரப்பர் பாண்டு போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது என்று உனக்குத் தெரியும். எங்கள் அச்சகத்துக்கு வந்த ஓர் அறிவியல் புத்தகத்தில் ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று எழுதியிருந்தார்கள், அந்தச் சொல்லிலேயே நான் மயங்கிக் கிடந்தேன். மூளையில் கருகிப்போன இடத்தில் பச்சையாக ஒன்று துளிர்க்கும், அது மெல்ல நீண்டு இடது கை விரல் வரை வரும் என்று மனதுக்குள் ஒரு படமே வரைந்து வைத்திருந்தேன். அதையே கேட்டும்விட்டேன், இந்த செல் போய் மூளையாவே மாறிடுமா டாக்டர் என்று. அவர் சிரிக்கவில்லை. ரொம்பப் பேர் அப்படித்தான் நினைக்கறாங்கம்மா, ஆனா நாங்க போடற இந்த செல் அங்க போய்க் குடியேறற மாதிரி தெரியல, விருந்தாளி மாதிரி வருது, கொஞ்ச நாள் இருக்குது, போயிடுது, இருக்கற வரைக்கும் அதுலேர்ந்து என்னென்னமோ சுரக்குது, அது வீக்கத்தக் குறைச்சு, சாகாம ஆனா சும்மா கிடக்கற இடத்தத் தட்டி எழுப்புதுன்னு நினைக்கறோம், நிஜமாவே எழுப்புதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றார். அப்பா உடனே, விருந்தாளி வந்து வீட்ட எழுப்பணும்னா எங்க மச்சான அனுப்பறேன் டாக்டர், அவரு வந்தா தெருவே எழுந்துக்கும் என்றார். அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தார்.

நான் விடவில்லை. யாரோ தானம் கொடுத்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பெருக்கிய செல்களைக் கை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்களாம், அப்படியென்றால் அவை மூளைக்கு எப்படி வழி கண்டுபிடிக்கும் என்று கேட்டேன். பெரும்பாலும் நுரையீரலைத் தாண்டுவதே இல்லை, அங்கேயே தங்கிக்கொண்டு ரத்தத்தின் வழியாகச் சேதி அனுப்புகின்றன போலிருக்கிறது என்றார். தூரத்தில் உட்கார்ந்துகொண்டே இங்கே வேலை நடத்துவது, எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அப்புறம் இன்னொன்று. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் செல், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. போட்டுக்கறவனுக்கும் தெரியாது தைக்கறவனுக்கும் தெரியாது, நல்ல கடையா இருக்கே என்றார் அப்பா. ஏன் அப்படி என்று நான் கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதிலைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். நம்பிக்கையே கையக் கொஞ்சம் தூக்கிடும்மா, அதக் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பாக்கணும் என்றார். நீங்க எந்தக் காலேஜ்ல பாடம் எடுக்கறீங்க என்று கடைசியில் என்னைக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, இவ காலேஜுக்கே பிழை திருத்தறவ டாக்டர் என்றார். வெட்கமாகப் போயிற்று, ஆனாலும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு பரிசோதனை. பக்கத்து அறையில் ஒரு சிஸ்டர், நடுத்தர வயது, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிற ரகம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, சட்டையையும் மடித்துவிட்டு, இந்தாங்க என்று நீட்டினார். சிஸ்டர் மறுபக்கம் வந்து அந்தக் கையைக் குடுங்கய்யா என்றார். இது நல்ல கை சிஸ்டர், இதுக்கு ஒண்ணுமில்ல என்றார் அப்பா. அதனாலதான் அதக் கேக்கறேன் என்றார் சிஸ்டர். பிரஷர் பட்டையைக் கட்டினார், பார்த்தார், கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்த்தார், பிறகு இடது கையிலும் பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். இடது கையில் வந்தது நாம் தினமும் வீட்டில் பார்க்கிற சாதுவான எண். வலது கையில் வந்தது அதற்குச் சம்பந்தமே இல்லாத எண். ஒரே மனிதர், ஒரே நாற்காலி, ஒரே மூச்சு. என் கண்முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

டாக்டர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், நீயும் தெரிந்துகொள். பக்கவாதம் வந்த கையில் தசையும் ரத்தக்குழாயும் பழைய மாதிரி நடந்துகொள்வதில்லை, அதில் எடுக்கிற அளவை நம்ப முடியாது, எப்போதும் நல்ல கையில்தான் பார்க்க வேண்டும். அதோடு இவ்வளவு வித்தியாசம் பலவீனத்தால் மட்டும் வராது, அந்தப் பக்கம் குழாய் எங்கேயாவது சுருங்கியிருக்கலாம் என்று ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் போகிறோம். இவ்வளவு பிரஷரோடு ஆராய்ச்சியில் சேர்த்தால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் செல்லால் ஆனதா பிரஷரால் ஆனதா என்று யாருக்கும் தெரியாது, அதைவிட முக்கியம் இன்னொரு பக்கவாதம் வராமல் பார்ப்பது என்றார். மூணு நாலு மாசம் நல்ல கையில பாத்துட்டே வாங்க, அடங்கிட்டா மறுபடி கூட்டிட்டு வாங்க, அப்பவும் நாங்க ஆள் எடுத்துட்டிருந்தா பாக்கலாம் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

இது எப்படி நடந்தது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன், இதைவிட இயல்பாக ஒரு தவறு நடக்கவே முடியாது என்று தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் அப்பா யார் உதவியும் இல்லாமல் செய்த முதல் வேலை பிரஷர் பார்ப்பதுதான், உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த மெஷினை நீதானே வாங்கி அனுப்பினாய். சட்டைக்கு நான், செருப்புக்கு நான், குளிக்க நான், இது ஒன்றுக்கு மட்டும் என்னைக் கிட்டே விடவில்லை. ஒரு கையால் பட்டையைக் கட்டுகிறவர் அதை எந்தக் கையில் கட்ட முடியும் சொல். வலது கையால் இடது கையில்தான் கட்ட முடியும். பெட்டியின் மேல் இருந்த படத்திலும் இடது கைதான். நானும் எத்தனை முறை வாசலில் நின்று, பரவாயில்லையே தானே செய்கிறாரே என்று பூரித்துப்போய்ப் பார்த்திருக்கிறேன். தெருமுனை டாக்டரிடம் போனால் அங்கேயும் இடது கையைத் தயாராக நீட்டிவிடுவார், எப்போதாவது கம்பவுண்டர் வலது கையைப் பிடித்து அதிகமாகக் காட்டினால், வெள்ளைக் கோட்டப் பாத்தாலே எனக்கு ஏறும், வீட்ல பாத்த நம்பரப் பாருங்க என்று போனைக் காட்டுவார். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. மற்றபடி யாரைக் குறை சொல்வது, நன்றாக இருக்கிறது என்று சொல்கிற எண்ணை யாரும் இரண்டாவது முறை கேள்வி கேட்பதில்லை.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டு அந்தக் கை எழுந்துகொள்ளும் என்று அவரும் உள்ளுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்திருக்கிறார், என்னிடம் காட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, பஸ்ஸில் யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை நான், கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நம் வீட்டுக்கு ரெண்டு நிறுத்தம் முன்னால் அவரே ஆரம்பித்தார். கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு கையும் தனித்தனியா அளப்பேன், ஒரு கை நீளமா இருக்கும், ஒரு தோள் எறங்கி இருக்கும், ஒரு பக்கம் அளந்து ரெண்டு பக்கம் வெட்டாதேன்னு எத்தனை பசங்களத் திட்டியிருக்கேன், எனக்கு மட்டும் ஒரு கைய அளந்து மொத்தத்தையும் வெட்டிட்டேன் பாரு என்றார். பெரிய கட்டிங் மாஸ்டர்தான் என்றேன் நான். துணி மிச்சம் இருக்கு, பிரிச்சுத் தச்சுக்கலாம் என்றார். அதற்கப்புறம்தான் எனக்குச் சாப்பிடத் தோன்றியது.

இனி செல் போடுகிற அந்தத் தனியார் மருத்துவமனை. உன் மாமா லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து நாளுக்கு ஒரு வீடியோ அனுப்புகிறார், சக்கர நாற்காலியில் போனவர் ஓடி வருகிறார், பேச முடியாதவர் பாடுகிறார். மாப்ள, அந்த டாக்டரு மூஞ்சியப் பாத்தாலே பாதி சரியாயிரும் என்று அப்பாவிடம் போனில் சொன்னாராம், மீதிப் பாதிக்கு உங்க மூஞ்சியப் பாத்துக்கறேன் மச்சான் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீ அனுப்பிய அவர்களுடைய கையேட்டைப் பிழை திருத்துகிற கண்ணோடு படித்தேன், வெவ்வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள், ஒரே எழுத்துப் பிழையோடு. அதையும் ஒதுக்கிவிட்டு நானே போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். செல் போடறதுக்கு முன்னாடி பிரஷர் பாப்பீங்களா என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல மேடம், அட்மிஷன் அன்னைக்கு ஊசி போட்டு எறக்கிடுவோம் என்றாள். எந்தக் கைல பாப்பீங்க என்றேன். எந்தக் கைல பாத்தா என்ன மேடம் என்றாள். இதுவரைக்கும் யாருக்காவது மோசமாகியிருக்கா என்று கேட்டதற்கு, பாசிட்டிவா யோசிங்க மேடம் என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவள் மேல் கோபமில்லை, அவளுக்குக் கொடுத்த வேலை அது. ஆனால் ஓரிடத்தில் அப்பாவை வேண்டாம் என்றவர்கள் அவருடைய இரண்டு கையையும் பார்த்தார்கள், இன்னொரு இடத்தில் வாருங்கள் என்றவர்கள் ஒரு கையைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே போக வேண்டாம் வாலு. நீ அப்பாவுக்காக எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிப்பது எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் துடித்தேன், இருந்தாலும் நம்முடைய துடிப்பை அவர் உடம்பில் ஏற்றக் கூடாது.

இப்போது வீட்டு நிலவரம். குறைத்த மாத்திரை திரும்ப வந்திருக்கிறது, கூடவே புதிதாக ஒன்று. சமையலில் உப்பைக் குறைத்துவிட்டேன், அப்பா ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்க்கிறார், நான் தட்டைப் பார்க்கிறேன். காலையில் கடைக்குப் போகிறார், கட்டிங் மேசையில் துணியின் இடது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வலது கையால் வெட்டுகிறார், இதான் எனக்குப் புது இடது கை, சுடாம இருந்தா சரி என்று கடை முதலாளியிடம் சொன்னாராம். ஆனால் பிரஷர் பார்க்கிற விஷயத்தில் மட்டும் முதல் சில நாள் வீட்டில் போர்தான். வலது கையில் நான்தான் கட்ட வேண்டும், வேறு வழியில்லை. குழந்தைக்குச் சட்டை மாட்டற மாதிரி மாட்டாத என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், கட்டிமுடித்ததும் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த ஒரே வேலையையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று எனக்கே தோன்றியது. உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தது. அவள் வந்தபோது இதைச் சொன்னேன், பந்த அமுக்குங்கன்னா யாரும் அமுக்க மாட்டாங்கக்கா, அந்தக் கைக்கு ஏதாவது தேவை இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த வாரம் ஒருநாள் காலையில் நான் சமையலறையில் இருந்தேன், உள் அறையிலிருந்து அந்தப் பட்டையைப் பிரிக்கிற சத்தம் வந்தது, துணி கிழிகிற மாதிரி சர்ரென்று வருமே அது. கொஞ்சம் பொறுத்து மறுபடி, மறுபடி. அப்பா பட்டையை மேசைமேல் வளையமாகச் செய்து வைத்துக்கொண்டு வலது கையை அதற்குள் நுழைத்திருந்தார், தொங்குகிற முனையை இடது கை விரல்களுக்குள் செருகிவிட்டு, அந்தக் கையை மேசை விளிம்பில் சாய்த்து, தோளாலேயே இழுத்து ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் மடங்கும், பிடி நிற்காது என்று உனக்குத் தெரியும். நழுவிற்று. பட்டையை வாயால் பிரித்துவிட்டு மறுபடி செருகினார். நான் கதவருகில் நின்றதைப் பார்த்துவிட்டு, எட்டிப் பாக்காத, பிரஷர் ஏறும் என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன், பாத்திரத்தைச் சத்தமாக அலசினேன். இப்போது இதுதான் ஏற்பாடு: நான் கட்டிப் பார்க்கிற எண் டாக்டருக்கு, அதற்குப் பிறகு அவர் தானாகக் கட்டிப் பார்ப்பது அவருக்கு. அவர் கட்டினால் மெஷின் பெரும்பாலும் கோபித்துக்கொண்டு பிழை என்று காட்டும். நேற்று அப்படிக் காட்டவில்லை, ஓர் எண் வந்தது. பட்டை தளர்ந்திருந்ததால் அது சுத்தமாகத் தவறான எண்தான், அவருக்கும் அது தெரியும். ஆனாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செல் எதுவும் ஏறாத அந்தக் கையில் என்ன எழுந்திருக்கிறது, நம்பிக்கையா, பிடிவாதமா, வேறு ஏதாவதா, எதைக் கழித்தால் எது மிஞ்சும் என்று அந்தச் சின்ன டாக்டரிடம் அடுத்த முறை கேட்க வேண்டும். ஆராய்ச்சியில் சேர்த்தால் சேரட்டும், உப்புநீரே கிடைத்தாலும் கிடைக்கட்டும், ஏதோ ஒன்று யாருக்காவது தெரியவரும் இல்லையா. சேர்க்காவிட்டாலும் அவருக்குக் காலையில் ஒரு வேலை இருக்கிறது.

நீ படிப்பைத் தள்ளிப்போடாதே. ஸ்கேன் முடிவு வந்ததும் தெரிவிக்கிறேன், மறைக்க மாட்டேன். அடிக்கடி தலை வலிக்கிறது என்று போன முறை பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், நான் கவனிக்காததுபோல் இருந்தேன், கவனித்தேன். அப்பா பக்கத்தில் எல்லோருக்கும் பிரஷர் சின்ன வயதிலேயே வந்திருக்கிறது, ஆகவே பக்கத்தில் எங்கேயாவது போய்ப் பார்த்துக்கொள், இரண்டு கையிலும் பார்க்கச் சொல், சிரித்தால் சிரிக்கட்டும். பொட்டலச் சாப்பாட்டைக் குறை. மாமாவின் வீடியோக்களுக்கு நன்றி மாமா என்று மட்டும் பதில் போடு, அவர் பாசத்தில் செய்வது. உடம்பில் தெம்பும் மனதில் தெளிவும் குறையாமல், எடுத்த காரியம் ஒவ்வொன்றும் உனக்குக் கைகூட வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, இன்னைக்கு எவ்வளவுப்பா என்று எண்ணைக் கேட்காதே. எந்தக் கையால கட்டினேப்பா என்று கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா